வெறுங்கையோடு திரும்பியவர்களையும் எண்ணுவோம்

பெரும்போக விதைப்பு முடிந்த ஒரு மாலையில் கணவனும் மனைவியுமாக இருவர் பங்குமனைக்கு வந்தார்கள். திருமணமாகி ஒன்பது ஆண்டுகள், பிள்ளை இல்லை. பல தடவை இடம்பெயர்ந்து, கடைசியில் காடு மூடிக் கிடந்த தமது காணியை மீண்டும் துப்புரவாக்கி, ஒன்றரை ஏக்கர் வயலில் காலூன்றிய குடும்பம். கணவனின் கையில் ஒரு துண்டுப்பிரசுரம் இருந்தது. கொழுத்த குழந்தை ஒன்றின் படம். அதன் கீழே 'வெற்றி 70 வீதம்' என்று பெரிய எழுத்து.

"பாதர், நூற்றுக்கு எழுபது எண்டு போட்டிருக்கு. பத்துப் பேர் போனால் ஏழு பேருக்குப் பிள்ளை. எங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்காமல் போகும்?" என்று அவர் கேட்டார். லான்ட்மாஸ்டரை விற்பதற்கும் மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைப்பதற்கும் ஏற்கனவே பேசி முடித்திருந்தார். மனைவி ஒன்றும் பேசவில்லை.

"தம்பி, எழுபது சரி. எதில் எழுபது?" என்று நான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்போது தெரியாது. அதன் பின்னர் வாசித்தும், விடயம் தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டும் நான் அறிந்துகொண்டதை எமது வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு குடும்பம் தன் வயலையும் நகையையும் வைத்து எடுக்கும் முடிவு இது. ஆகவே கமத்தொழில் பற்றிப் பேசும் இந்த ஏட்டில் இதையும் பேசுவது பொருத்தமே.

எமது மண்ணில் இந்தக் கேள்வியின் பாரம்

பிள்ளைப்பேறு தாமதமாவது வன்னிக்கு மட்டும் உரிய துன்பம் அன்று. வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் இத்தடையைச் சந்திக்கின்றார் என உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டு அறிவித்தது. ஆயினும் எமது மண்ணில் இத்துன்பத்துக்குத் தனியான ஒரு பாரம் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் முல்லைத்தீவுக் கரையில் பிள்ளைகள் அனைவரையும் கடலுக்குக் கொடுத்த பெற்றோர் எம்மிடையே இருக்கின்றார்கள். 2009 இன் முதல் ஐந்து மாதங்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் இருக்கின்றார்கள். மணமுடிக்க வேண்டிய வயதைப் பதுங்குகுழியிலும், பின்னர் மெனிக் பாம் முகாமிலும் கழித்து, முப்பதைக் கடந்த பிறகே வாழ்க்கைத்துணை தேடியவர்கள் எத்தனையோ பேர். இழந்த பிள்ளைக்குப் பின் இன்னொரு பிள்ளையைத் தேடும் தாய்க்கு வயது காத்திருப்பதில்லை.

இத்துயரை அரசு ஒன்று உணர்ந்து செயற்பட்டதற்கு அயலிலேயே ஓர் உதாரணம் உண்டு. கடற்கோளில் பிள்ளைகளை இழந்த தாய்மாருள், முன்னரே கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, வெட்டிய குழாயை மீள இணைக்கும் சத்திரசிகிச்சையை இலவசமாகச் செய்ய 2005 இல் தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்தது. எல்லோருக்கும் அது பலிக்கவில்லை. ஆயினும் அந்தத் தாய்மாரின் துயரம் தனிப்பட்ட விதியாகக் கருதப்படாமல், பொதுப் பொறுப்பாக ஏற்கப்பட்டது. எமது பகுதியில் இத்தகைய துயரம் பெரும்பாலும் வீட்டுச் சுவருக்குள் அடங்கிவிடுகின்றது. அந்த மௌனத்துக்குள்தான் துண்டுப்பிரசுரங்கள் நுழைகின்றன.

நாற்றுமேடையும் நடுகையும்

'சோதனைக் குழாய்க் குழந்தை' என்று நாம் கேள்விப்படும் சிகிச்சையில் உண்மையில் என்ன நடக்கின்றது? பெண்ணுக்குப் பத்து நாட்கள் அளவில் ஊசி மருந்து ஏற்றி, சூலகத்தில் பல முட்டைகளை ஒரே சமயத்தில் முதிரச் செய்கின்றார்கள். பின்னர் ஸ்கான் கருவியில் பார்த்தபடி ஊசி மூலம் அவற்றை வெளியே எடுக்கின்றார்கள். ஆய்வுகூடத்தில் கணவனின் விந்தோடு சேர்த்துக் கருக்கட்டச் செய்கின்றார்கள். கருக்கட்டிய முட்டை பிரிந்து பிரிந்து வளர்வதையே முளையம் என்கிறோம். மூன்றாம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ அந்த முளையத்தை மென்மையான மெல்லிய குழாயொன்றினால் கருப்பைக்குள் கொண்டுபோய் விடுகின்றார்கள். இதுவே முளைய மாற்றம். நாற்றுமேடையில் வளர்த்த நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவதைப் போன்றது என்று சொன்னால் எமது மக்களுக்கு விளங்கும்.

நாற்று நடுகின்ற கை எவ்வளவு கவனமாக இருக்கவேண்டுமோ, அவ்வளவு கவனம் இங்கும் வேண்டும். வயிற்றின் மேல் ஸ்கான் கருவியை வைத்து, குழாயின் நுனி எங்கே நிற்கின்றது என்று பார்த்துக்கொண்டு வைப்பது, கண்மூடித்தனமாக வைப்பதிலும் பார்க்கக் கூடிய பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. கருப்பையின் சுவரைச் சீண்டாத மென்மையான குழாய் நல்லது. ஆயினும் எவ்வளவு நன்றாக நட்டாலும் நட்ட நாற்றெல்லாம் கதிர் தருவதில்லை என்பது கமக்காரனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. முளையம் பிடிக்காமல் போவதற்கு மிகப் பொதுவான காரணம் அந்த முளையத்துக்குள்ளேயே உள்ள நிறமூர்த்தக் குறைபாடு. அது பெண்ணின் வயதோடு கூடிச் செல்கின்றது. வைத்தியரின் கையாலும் அதை மாற்ற முடியாது.

இருநூற்றி எண்பத்திரண்டு பெண்கள்

இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் நாம் எல்லோரும் அறிந்த பெயர் ஒன்று உண்டு. 1978 ஜூலை 25 இல் இங்கிலாந்தின் ஓல்ட்ஹாம் நகரில் லூயிஸ் பிறவுண் என்ற பெண்குழந்தை பிறந்தது. தாயின் பலோப்பியன் குழாய்கள் அடைபட்டிருந்தன. றொபேர்ட் எட்வேர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும், பற்றிக் ஸ்ரெப்ரோ என்ற மகப்பேற்று வைத்தியரும், ஜீன் பேர்டி என்ற தாதியும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. 2010 இல் எட்வேர்ட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மற்ற இருவரும் அப்போது உயிரோடு இல்லை. 2018 இல் இட்ட ஒரு மதிப்பீட்டின்படி, இம்முறைகளினால் உலகில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிறந்திருந்தார்கள்.

அந்த ஒரு குழந்தையின் படத்தை உலகமே பார்த்தது. படத்தில் இல்லாத ஒரு கணக்கு, அக்குழுவினரின் ஆய்வுக் குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது வெளிவந்தது. 1969 முதல் 1978 வரை 282 பெண்கள் அந்த முயற்சிக்குத் தம் உடலைக் கொடுத்திருந்தார்கள். அவர்களிடம் 457 தடவை முட்டை எடுக்க முயன்றார்கள். முளையத்தைக் கருப்பையில் வைக்கும் கட்டம் வரை சென்றது 112 தடவை மட்டுமே. கருவுற்றவர்கள் ஐந்து பேர். உயிரோடு பிறந்த பிள்ளைகள் இரண்டு.

மற்ற 280 பெண்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். அவர்களின் படத்தை எவரும் எடுக்கவில்லை. ஆனால் அவர்கள் தோற்ற ஒவ்வொரு தடவையிலும் அக்குழுவினர் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போனால் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டுத் தேடிச் செல்லும் ஆயனின் உவமையை நாம் ஆலயத்தில் வாசிக்கின்றோம். அந்த உவமையை ஏற்றுக்கொண்டவர்கள் காணாமற்போனவர்களை எண்ணாத எந்தக் கணக்கையும் முழுக்கணக்கு என்று ஏற்கமுடியாது.

இந்தியாவிலும் ஒரு வரலாறு உண்டு. லூயிஸ் பிறந்து 70 நாட்களில், 1978 ஒக்ரோபர் 3 இல், கல்கத்தாவில் துர்க்கா என்று செல்லமாக அழைக்கப்பட்ட குழந்தை பிறந்தது. டொக்டர் சுபாஷ் முகர்ஜி மருந்தினால் பல முட்டைகளை முதிரச் செய்து, கிடைத்த முளையத்தை 53 நாட்கள் உறைநிலையில் வைத்திருந்து, பின்னர் கருப்பையில் வைத்ததாக அறிவித்தார். மாநில அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. வெளிநாட்டுக் கூட்டத்தில் தம் வேலையை விளக்க அனுமதி கிடைக்கவில்லை. கண் சிகிச்சை நிறுவனம் ஒன்றுக்கு இடமாற்றப்பட்டார். 1981 ஜூன் 19 இல் மனமுடைந்து தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். முளையங்களை உறையவைத்து, பெண்ணின் உடல் தேறிய பின் வேறொரு மாதத்தில் வைப்பது இன்று உலகெங்கும் வழக்கமான முறையாகிவிட்டது.

இக்கதையில் இன்னொருவரும் நினைவுகூரப்பட வேண்டும். 1986 இல் மும்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தை என்று எழுதப்பட்டு வந்தது. அதற்குப் பொறுப்பாக இருந்த விஞ்ஞானி ரி. சி. ஆனந்தகுமார், முகர்ஜியின் குறிப்புகளைத் தாமே படித்து ஆராய்ந்து, முதலிடம் தமக்கு உரியதன்று, முகர்ஜிக்கே உரியது என்று 1997 இல் பகிரங்கமாக எழுதினார். தனக்குப் பாதகமாக வந்தாலும் சரியான கணக்கைச் சொல்வது இதுவே. எம்மவர்கள் சிகிச்சைக்காகப் போகும் இடங்களிலும் இந்த நேர்மையைத்தான் நாம் எதிர்பார்க்கின்றோம்.

எழுபது என்றால் எதில் எழுபது?

விதைநெல் வாங்கும்போது முளைதிறன் எவ்வளவு என்று கேட்கின்றோம். முளைதிறன் நூற்றுக்கு 85 என்றால் ஏக்கருக்கு விளைச்சல் நூற்றுக்கு 85 என்று எந்தக் கமக்காரனும் எண்ணமாட்டான். முளைத்தது வேறு, மட்டம் வெடித்தது வேறு, கதிர் கட்டியது வேறு. சூடு அடித்து மூட்டை கட்டியதே விளைச்சல்.

இச்சிகிச்சையிலும் அப்படியே. விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். நூறு பெண்கள் ஊசி போடத் தொடங்குகின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 75 பேருக்கே முளையம் வைக்கும் கட்டம் வருகின்றது. மற்றவர்களுக்கு முட்டை போதாது, அல்லது கருக்கட்டவில்லை. 75 பேரில் 35 பேருக்கு இரத்தப் பரிசோதனை கருவுற்றதாகக் காட்டுகின்றது. அவர்களில் 30 பேருக்கு ஸ்கானில் இதயத் துடிப்புத் தெரிகின்றது. கடைசியில் 25 பேர் உயிருள்ள பிள்ளையோடு வீடு செல்கின்றார்கள். இப்போது வெற்றி எத்தனை வீதம்? பரிசோதனை காட்டிய 35 பேரை முளையம் வைத்த 75 பேரோடு ஒப்பிட்டால் 47 வீதம். பிள்ளையோடு சென்ற 25 பேரைத் தொடங்கிய நூறு பேரோடு ஒப்பிட்டால் 25 வீதம். இரண்டும் பொய்யல்ல. ஆனால் வயலை ஈடு வைப்பவனுக்கு வேண்டிய எண் இரண்டாவதுதான். முப்பது வயதுக்குட்பட்டவர்களின் கணக்கை மட்டும் எடுத்துப் போட்டால் பிரசுரத்தில் இன்னும் பெரிய எண்ணை அச்சிடலாம்.

பிரித்தானியாவில் எல்லாச் சிகிச்சை நிலையங்களும் தம் கணக்கை அரச அதிகாரசபை ஒன்றுக்குக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அந்தச் சபையின் 2019 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தமது சொந்த முட்டையைப் பயன்படுத்தியோரில், வைத்த ஒரு முளையத்துக்கு உயிருள்ள பிள்ளை பிறந்த விகிதம் 35 வயதுக்குட்பட்டவர்களில் 32 வீதம். நாற்பதைத் தாண்டியவர்களில் அது வேகமாக விழுந்து, 43 வயதுக்கு மேல் ஏறத்தாழ 5 வீதமாகிவிடுகின்றது. நல்ல வசதியும் கண்காணிப்பும் உள்ள நாட்டிலேயே கணக்கு இதுதான். முளையங்கள் பல கிடைத்து உறைநிலையில் வைத்து ஒன்றன்பின் ஒன்றாக முயன்றால் மொத்த வாய்ப்புக் கூடும் என்பதும் உண்மையே. ஆயினும் ஒவ்வொரு முயற்சிக்கும் செலவு உண்டு, பயணம் உண்டு, மனம் உடைவதும் உண்டு.

ஆகவே எந்த நிலையத்துக்குப் போனாலும், பணம் கட்டுமுன் பின்வரும் கேள்விகளைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

1. எமது வயதுடைய பெண்களில், சிகிச்சையைத் தொடங்கிய நூறு பேருக்கு எத்தனை பேர் உயிருள்ள பிள்ளையோடு வீடு சென்றார்கள்?

2. இடையில் நிறுத்தவேண்டி வந்தால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும்?

3. எத்தனை முளையங்களை வைக்கப் போகின்றீர்கள்? எஞ்சியவற்றை என்ன செய்வீர்கள்?

4. மருந்து, பரிசோதனை, உறைநிலைக் கட்டணம் எல்லாம் சேர்த்த முழுச் செலவு எவ்வளவு?

5. ஊசி மருந்தினால் சூலகம் அளவுக்கு மீறி வீங்கினால், வன்னியில் இருந்து நாம் யாரை எந்த நேரத்தில் தொடர்புகொள்வது?

இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் வயலை அடகு வைக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்வி பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மூன்றாக வைத்தால் ஒன்றாவது பிடிக்கும், இரட்டையாகக் கிடைத்தால் செலவும் மிச்சம் என்று சிலர் நினைக்கின்றார்கள். இரட்டைக் கர்ப்பத்தில் குறைமாதப் பிறப்பும், தாய்க்கு இரத்த அழுத்தமும் பெருமளவு கூடும். பிரித்தானியாவில் 1990களில் இச்சிகிச்சையால் நிகழ்ந்த பிரசவங்களில் 28 வீதம் பல்பிள்ளைப் பிரசவங்களாக இருந்தன. ஒரே முளையம் வைக்கும் வழக்கத்தால் 2019 இல் அது 6 வீதமாகக் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நெடுந்தூரம் போகவேண்டிய குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியமானது.

மேலதிகமாகப் பணம் கேட்கும் 'விசேட' முறைகளிலும் எச்சரிக்கை வேண்டும். முளையம் நன்றாக ஒட்டும் என்று சொல்லிக் கருப்பையின் உட்சுவரைச் சுரண்டும் வழக்கம் ஒன்று பல நாடுகளில் இருந்தது. 1,364 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2019 இல் வெளியானது. சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் பிள்ளை பெற்றவர்கள் ஒரே அளவு: 26.1 வீதம்.

குடம் தூக்கியதால் போகவில்லை

முளையம் வைத்து இரண்டு வாரம் கழித்து இரத்தம் சோதிக்கின்றார்கள். இல்லை என்று முடிவு வந்தால் எமது வீடுகளில் என்ன நடக்கின்றது? "கிணத்தடியிலை குடம் தூக்கினவள்", "பஸ்ஸிலை ஏறி வந்தவள்", "படுத்துக் கிடக்கச் சொன்னது கேட்டவளே?" என்று பழி அவள் தலையிலே விழுகின்றது. மாமியார் சொல்லாவிட்டால் அயல் சொல்லும். அயல் சொல்லாவிட்டால் அவளே தனக்குச் சொல்லிக்கொள்வாள்.

இது தவறு. முளையம் வைத்த பின் நெடுநேரம் அசையாமல் படுத்திருப்பதால் பலன் கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எழுந்து நடப்பதாலோ, இருமுவதாலோ, தும்முவதாலோ முளையம் கீழே விழுந்துவிடுவதில்லை. வைத்தியர் சொன்ன மருந்தை ஒழுங்காக எடுத்து, கடும் வேலையைத் தவிர்த்து, வழமையான நடமாட்டத்தோடு இருப்பது போதும். அதன் பின்னும் பிடிக்கவில்லை என்றால் அது அவள் செய்த குற்றம் அன்று. வைத்தியர்களே விளக்க முடியாத ஒன்றை ஒரு பெண்ணின் தலையில் சுமத்தாதிருப்பது எமது முதற் கடமை.

எமது ஊர்களில் 'மலடி' என்ற சொல் இன்னமும் கேட்கின்றது. 'மலடன்' என்ற சொல் கேட்பதே அரிது. ஆனால் பிள்ளை இல்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கக் குறையும் தனியாகவோ சேர்ந்தோ இருக்கின்றது. ஆணின் பரிசோதனை எளியது, வலியற்றது, செலவு குறைந்தது. ஆயினும் மனைவியை ஐந்து வைத்தியரிடம் கொண்டுபோன கணவன், தான் ஒரு தடவையாவது சோதிக்கப்படாமல் இருப்பதை நான் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கின்றேன். தம்பிமாரே, ஆண்மைக்கு இழுக்கு பரிசோதனையில் இல்லை. அதைத் தட்டிக்கழிப்பதில்தான் இருக்கின்றது.

வயலை விற்குமுன்

முளைய மாற்றம் கடைசிப் படிகளில் ஒன்று. முதற்படிகள் எமது ஊரிலேயே இருக்கின்றன. ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால், மனைவிக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, உங்கள் பகுதியின் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக அரச வைத்தியசாலையின் மகப்பேற்று நிபுணரிடம் அனுப்புவார். கணவனின் விந்துப் பரிசோதனை, மனைவியின் தைரொயிட் பரிசோதனை, முட்டை முதிர்கின்றதா என்ற சோதனை, குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்ற சோதனை ஆகியவை ஒழுங்காக நடந்தால் பலருக்குக் காரணம் தெரிந்துவிடும். முட்டை முதிராதவர்களில் பலருக்கு எளிய மாத்திரையே போதும். புகைத்தல், மது, கட்டுப்பாடற்ற நீரிழிவு ஆகியவற்றை நிறுத்துவதும் கட்டுப்படுத்துவதும் சிகிச்சையின் பகுதியே. காலத்தை வீணாக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கின்றேன். மடுவுக்கும் வற்றாப்பளைக்கும் நேர்த்தி வையுங்கள். ஆனால் நேர்த்தி நிறைவேறும் வரை பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடன் பற்றியும் சொல்லவேண்டும். நுண்கடனால் எமது பெண்கள் பட்ட அவதியை நாம் அறிவோம். 2018 இல் அரசே வரட்சியுற்ற மாவட்டங்களில் பெண்கள் பெற்ற கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் நிலை வந்தது. 2022 இல் டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, இறக்குமதி மருந்தின் விலை எங்கே போனது என்பதையும் கண்டோம். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலரின் இசைவின்றிக் கைமாற்ற முடியாது. கள்ளமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னர் காணியும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று நிற்கவேண்டாம். இத்தனை இடப்பெயர்வுக்குப் பின் கிடைத்த மண் அது. இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாதவர்கள் எம்மிடையே இருக்கும்போது, அதன் பெறுமதியை நான் விளக்கவேண்டியதில்லை.

வறுமையை வேறு விதமாகவும் இச்சந்தை பயன்படுத்தும். 2022 இல் தமிழ்நாட்டின் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் முட்டைகள், போலி அடையாள ஆவணத்தோடு திரும்பத் திரும்ப விற்கப்பட்டது வெளிவந்து, நாட்டையே அதிர்ச்சிக்குள்ளாக்கியது. முட்டை கொடுப்பவளுக்குக் குறைந்தது 23 வயது இருக்கவேண்டும், வாழ்நாளில் ஒரு தடவைதான் கொடுக்கலாம் என்று இந்தியா 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தில் விதித்த பின்னரும் இது நடந்தது. எமது இளம் பெண்களிடம் இத்தகைய 'உதவி' கேட்டு எவரும் வந்தால் உடனே பெரியோரிடம் சொல்லுங்கள்.

திருச்சபை சொல்வது என்ன?

குருவானவராக இருந்துகொண்டு இதை மறைத்து எழுதினால் நான் நேர்மையற்றவன் ஆவேன். கத்தோலிக்கத் திருச்சபை 1987 ஆம் ஆண்டுப் போதனையிலும் 2008 ஆம் ஆண்டுப் போதனையிலும், உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்யும் முறையை ஏற்கவில்லை. பிள்ளை தம்பதியரின் அன்பின் உறவிலிருந்து பிறக்கும் கொடை. தயாரிக்கப்படும் பொருள் அன்று என்பதும், முளையம் முதற்கணத்திலிருந்தே மதிக்கப்படவேண்டிய உயிர், அதைத் தெரிந்தெடுப்பதும் எறிவதும் தகாது என்பதும் அதன் காரணங்கள். குழாய் அடைப்பை நீக்குதல், முட்டை முதிர மருந்து கொடுத்தல் போன்று தம்பதியரின் உறவுக்குத் துணைசெய்யும் சிகிச்சைகளைத் திருச்சபை வரவேற்கின்றது. எமது கத்தோலிக்கக் குடும்பங்கள் இப்போதனையை அறிந்து, மனச்சான்றோடு சிந்திக்கவேண்டும்.

ஆனால் போதனையை அறிவிப்பது வேறு, மனிதரைத் தீர்ப்பிடுவது வேறு. லூயிஸ் பிறந்தபோது வெனிஸ் நகரின் பேராயராக இருந்த அல்பினோ லூச்சானி, பின்னர் முதலாம் அருளப்பர் சின்னப்பர் என்ற பெயரில் பாப்பரசரானவர், தொழில்நுட்பத்தைப் பற்றித் தம் தயக்கத்தைத் தெரிவித்தபோதும், அக்குழந்தைக்கு வாழ்த்துக் கூறி, அதன் பெற்றோரைக் கண்டனம் செய்யத் தமக்கு உரிமை இல்லை என்றார். இம்முறையால் பிறந்த பிள்ளையும் இறைவனின் சாயலே. ஞானஸ்நானத் தொட்டியருகே அப்பிள்ளையைப் பார்த்து எவரும் முணுமுணுக்கக் கூடாது.

விவிலியத்தில் அன்னாவின் கதையை எண்ணிப் பார்க்கின்றேன். பிள்ளையில்லாத் துயரில் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய மன்றாடியவளைக் கண்டு, அவள் குடித்திருக்கின்றாள் என்று எண்ணியவர் வேறு யாருமல்லர், குருவாகிய ஏலிதான். அவளது கண்ணீரை முதலில் பிழையாக வாசித்தவர் ஆலயத்துக்குள் இருந்தவரே. அத்தவறை நாமும் செய்திருக்கின்றோம். ஞானஸ்நான விழாவிலும், பூப்பு நீராட்டிலும், வளைகாப்பிலும் பிள்ளையில்லாதவளை ஒதுக்கி நிறுத்தியதும் எமது பங்குகளில் நடந்திருக்கின்றது.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. சிகிச்சைக்குப் போகும் தம்பதியரின் வயலுக்கு அந்த வாரம் தண்ணீர் பாய்ச்ச ஒருவர் முன்வரலாம். மாதர் சங்கத்தில் இதுபற்றி ஒரு தாதியை அழைத்துப் பேசவைக்கலாம். பிள்ளையை எடுத்து வளர்க்க விரும்புவோர் தரகரை நாடாமல், நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் ஊடாக நீதிமன்றக் கட்டளையோடு செய்ய வழிகாட்டலாம். பிள்ளை இல்லாமலே முதுமை அடைபவர்களுக்கு, 'உங்களுக்கு நாங்கள் இருக்கிறோம்' என்பதைச் சொல்லாலன்றிச் செயலால் காட்டலாம்.

அந்தத் தம்பதியர் பின்னர் அரச வைத்தியசாலைக்குச் சென்றார்கள். கணவனும் சோதிக்கப்பட்டார். அவரிடமும் ஒரு குறை இருந்தது. அதற்குச் சிகிச்சை நடக்கின்றது. லான்ட்மாஸ்டர் விற்கப்படவில்லை. பிள்ளை இன்னும் இல்லை. கிடைக்கும் என்று நான் அவர்களுக்கு வாக்களிக்கவில்லை. வாக்களிக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அடுத்த தடவை வந்தபோது மனைவியும் பேசினாள். "பாதர், ஒன்பது வருசமாய் என்னிலைதான் பிழை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றாள்.

எண்களை வைத்து எமக்கு ஆசை காட்டுபவர்களிடம், வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று கேட்போம். அவர்கள் எம் ஊருக்குத் திரும்பி வரும்போது, ஒழுங்கை முனையில் அவர்களை வரவேற்க நிற்போம்.